பித்தப்பைக் கல்லும் பதினொரு பக்க பில்லும்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். வைத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து. நர்ஸ்களுக்கும் ஐந்துக்கு ஐந்து. பில்லிங் கவுண்டர், இன்சூரன்ஸ் டெஸ்க் இரண்டுக்கும் சேர்த்து ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், கேட்ட பிறகாவது திருத்திக் கொடுத்தார்களே என்பதற்காக.

ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறது. பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் எழுதவில்லை. என் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் இந்த விஷயத்தில் அடிபடுவதை நான் விரும்பவில்லை. எங்களுக்கு நடந்தது மாதிரியே வேறு வேறு ஆஸ்பத்திரிகளில் நடந்ததாக எங்கள் மில்லில் மட்டும் மூன்று பேர் சொன்னார்கள். அதனால் பெயரை விட, நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வதுதான் படிக்கிறவர்களுக்கு உதவும்.

நான் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். லாரி வாடகை, கோணி, கூலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் என் மேஜையில்தான். ஒரு மூட்டை எடை குறைந்தாலும் கேட்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்ட நானே ராத்திரி ஒன்றரை மணிக்கு என்ன ஏது என்று படிக்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் விலை 55,350 ரூபாய்.

அம்மாவுக்கு 67 வயது. சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே வலி என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளித்தார். ஜூலையில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கல். மதுரையில் அந்த சர்ஜனிடம் காட்டினோம். ஸ்கேன் படத்தை அம்மா பக்கம் திருப்பி, "இந்தாங்கம்மா, இந்த வெள்ளை வெள்ளையா தெரியுதே, அதான் கல்லு. பைய எடுத்துட்டா போதும். கல்ல மட்டும் எடுத்தா திரும்ப வரும்" என்று சொன்னார். அம்மாவிடம் நேராகப் பேசினார், என்னிடம் அல்ல. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன், மூன்று நாள் தங்கினால் போதும், இரண்டு பேர் தங்கும் ஷேரிங் ரூமில் மொத்தம் சுமார் 95,000 ஆகும் என்று கீழே எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஷேரிங் ரூமுக்கு நாள் வாடகை 3,000. அம்மாவின் பாலிசி 3 லட்சம். அதில் அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 வரை. கணக்கு சரியாகப் பொருந்தியது. "ஆடி கழியட்டும்" என்றார் அம்மா. சரி என்று வந்துவிட்டோம்.

ஆடி கழிவதற்குள் வலி வந்துவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு வாந்தி, காய்ச்சல், நிமிர முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள். டிரிப் ஏற்றி, ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் வலி அடங்கியது. அட்மிஷன் கவுண்டரில் ஒரு சின்னப் பெண். "ஷேரிங் ரூம் எதுவும் காலி இல்ல மேடம். டீலக்ஸ்தான் இருக்கு. ஆறாயிரம். இதுல ஒரு சைன் பண்ணிருங்க." நாளுக்கு மூவாயிரம் கூட வரும், நாலு நாளுக்குப் பன்னிரண்டாயிரம், போகட்டும், அம்மா வலி தீர்ந்தால் போதும் என்று மனதில் கணக்குப் போட்டேன். தாள் முழுக்க ஆங்கிலம். உயர்ந்த வகுப்பு அறையை நானே விரும்பிக் கேட்டதாகவும், கூடுதல் தொகையை நானே கட்டுவதாகவும் அதில் இருந்தது. இது பிறகு படித்தபோது தெரிந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் சொன்னாள். ஆனால் அவள் பக்கத்திலேயே இன்சூரன்ஸ் டெஸ்க். அம்மாவின் பாலிசி அட்டையை வாங்கி நகல் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். 3,000 வரம்பு இருப்பது அவர்கள் கம்ப்யூட்டரில் தெரியும். ஆறாயிரம் ரூமில் படுத்தால் மொத்த பில்லுக்கும் என்ன ஆகும் என்பது தினமும் இருபது கேஸ் பார்க்கிற அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, எல்லாம் நல்லதே. வயதானவர் என்பதால் இதய டாக்டர் வந்து எக்கோ எடுத்துப் பார்த்து சம்மதித்த பிறகுதான் தியேட்டருக்கு அனுப்பினார்கள். நாலு சின்னத் துளை. சாயங்காலமே எழுந்து உட்கார வைத்தார்கள். எடுத்த கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள், கொத்துமல்லி விதை அளவில் பத்துப் பதினைந்து இருக்கும். இரவு ஷிப்டில் இருந்த ஒரு நர்ஸ், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை, அம்மா தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து அவளாகவே சீவிப் பின்னிவிட்டாள். அம்மா இன்றைக்கும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சர்ஜன் வந்து "நாளைக்குப் போயிரலாம்" என்றார். உடனே கீழே போய் அதுவரைக்குமான பில் கேட்டேன். இரண்டு பக்கம் கொடுத்தார்கள். மறுநாள் வாடகையையும் சேர்த்து மொத்தம் 1,76,685. எஸ்டிமேட்டில் 95,000. கவுண்டரில் இருந்த தம்பியிடம், "மருந்து 41,635ன்னு ஒரே வரியில போட்டிருக்கே, என்னென்ன மருந்துன்னு தனித்தனியா வேணும்" என்றேன். "அது பைனல் பில்லோட வரும் மேடம்" என்றார். "எனக்கு இப்ப வேணும் தம்பி." "சிஸ்டத்துல வராது மேடம்." லிப்ட் பக்கத்துச் சுவரில் நோயாளிகள் உரிமைகள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த பட்டயத்தை வைத்து எழுதியது. ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் குறிப்பிட்ட பில் பெறுவது நோயாளியின் உரிமை என்று அதில் இருக்கிறது. செல்போனில் அதைப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினேன். சத்தம் போடவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பதினொரு பக்கம் வந்தது.

அம்மா தூங்கிய பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து, பென்சிலால் வரி வரியாக டிக் அடித்தேன். மில்லில் ஸ்டாக் சரிபார்ப்பது போலத்தான். பரிசோதனைக் கையுறை 62 ஜோடி. மாஸ்க், தலைக்குல்லாய், பெட்டில் விரிக்கும் பேட், டயப்பர். பாராசிட்டமால் டிரிப் பாட்டில் 13. ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்துக் குப்பி (வயல்) 14. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, 290 ரூபாய். தெர்மாமீட்டரை நாங்கள் பார்க்கவே இல்லை. நர்ஸ் தன் டிரேயில் வைத்திருந்ததைத்தான் எல்லாப் படுக்கைக்கும் பயன்படுத்தினார். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். சீல் பிரிக்காத பாராசிட்டமால் பாட்டில் நாலு வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

காலையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸ் ஷீட்டைப் பிரித்து, "வாங்க, எண்ணிருவோம்" என்றார். மருந்து கொடுத்த நேரம், கொடுத்த நர்ஸின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. டிரிப் ஏழு முறைதான் ஏறியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் பதினொன்று. மருந்துக் கடையிலிருந்து வார்டுக்கு மொத்தமாக வாங்கி வைப்பார்களாம். மீதம் இருந்தால் திரும்ப அனுப்பிக் கழித்துவிட வேண்டுமாம். அவசரத்தில் அது விட்டுப்போகும் என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். யாரும் திருடவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்க ஆள் இல்லாத குடும்பத்துக்கு அந்த மீதம் கழியாது, அவ்வளவுதான். ஆறு பாட்டில் 1,860, மூன்று வயல் 1,065, தெர்மாமீட்டர் 290, ஆக 3,215.

டாக்டர் விசிட் பத்து என்று இருந்தது, ஒன்றுக்கு ஆயிரம். கேஸ் ஷீட்டில் எட்டுக் கையெழுத்துதான். இரண்டாயிரம் கழிந்தது. கடைசிப் பக்கத்தில் "காப்பீட்டுச் செயலாக்கக் கட்டணம்" என்று 1,500. இது எதற்கு என்றால், "எல்லா இன்சூரன்ஸ் கேஸுக்கும் போடுறதுதான் மேடம்." "உங்க ரேட் கார்டுல எங்க இருக்கு, காட்டுங்க." ரேட் கார்டைத் தேடி எடுத்தார்கள். அதில் இல்லை. அதையும் எடுத்துவிட்டார்கள். மொத்தம் 6,715 குறைந்து, பில் 1,69,970 ஆனது.

அந்த ரேட் கார்டைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் பின்னால் வந்ததை என்னால் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஒரே ஆபரேஷனுக்கு நாலு கட்டம் போட்டிருந்தார்கள். சர்ஜன் கட்டணம் பொது வார்டில் 18,000, ஷேரிங்கில் 24,000, டீலக்ஸில் 35,000. மயக்க டாக்டர், தியேட்டர் வாடகை, நர்சிங், எல்லாம் அப்படியே படிப்படியாக ஏறியது. அதே டாக்டர், அதே தியேட்டர், அதே நாலு துளை. நோயாளி எந்த ரூமில் படுக்கிறார் என்பதை வைத்து ஆபரேஷனின் விலை மாறுகிறது. பன்னிரண்டாயிரம்தானே என்று நான் போட்ட கணக்கு அங்கேயே தப்பு.

டிஸ்சார்ஜ் என்று டாக்டர் எழுதியது காலை 10 மணி. பில் திருத்தி முடித்தது 12.30. அதற்குப் பிறகு உட்கார்ந்திருந்தோம். "இன்சூரன்ஸ்ல இருந்து அப்ரூவல் வரல" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். ஆஸ்பத்திரி இறுதி பில் அனுப்பிக் கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவு போட்டிருக்கிறது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது போட்டால் அதை நிறுவனமே தாங்க வேண்டும். அதைச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்க ஆஸ்பத்திரில இருந்து பைல் வந்ததே 3.40-க்குத்தான்" என்றார்கள். அப்ரூவல் 5.55-க்கு வந்தது. ஆக, மூன்று மணி நேரம் பைல் எங்கள் கண் முன்னால் இருந்த மேஜையிலேயே கிடந்திருக்கிறது. இதற்காகத்தான் டெஸ்க்குக்கு இவ்வளவு குறைவான மார்க். இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் வயிற்றில் கத்தி பட்ட 67 வயது அம்மா, ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், வரவேற்பறையின் இரும்பு நாற்காலியில் தலையணையை வயிற்றில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்ரூவ் ஆன தொகை 80,265. நாங்கள் கட்ட வேண்டியது 89,705.

எனக்குக் கை நடுங்கியது. அட்வான்ஸ் இருபதாயிரம் ஏற்கெனவே கட்டியிருந்தோம். மீதிக்கு என் கணக்கில் இருந்ததைத் துடைத்தெடுத்தேன், போதவில்லை. மில் முதலாளிக்குப் போன் செய்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் முப்பதாயிரம் போட்டுவிட்டார். ஏழரைக்குக் கிளம்பினோம். காரில் அம்மா, "எவ்வளவு தாயி ஆச்சு?" என்றார். "இன்சூரன்ஸ்ல போயிருச்சும்மா" என்றேன்.

இனி, அந்த 89,705 எப்படி வந்தது என்று. இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாலிசியில் அறை வாடகை வரம்பு 3,000. நாங்கள் படுத்தது 6,000. பாதி. அப்படியானால் வாடகையில் மட்டும் பாதியைக் கழிப்பார்கள் என்றுதான் நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். அப்படி இல்லை. சர்ஜன் கட்டணம், மயக்க டாக்டர், தியேட்டர், விசிட், நர்சிங், ரூமோடு சேர்ந்து ஏறுகிற எல்லாவற்றிலும் அதே பாதியைக் கழிப்பார்கள். விகிதாசாரப் பிடித்தம் என்று பெயர். வாடகையும் அதன் மேல் ஜிஎஸ்டியும் 25,200, அதில் பாதி 12,600. மற்றவை 85,500, அதில் பாதி 42,750. இரண்டும் சேர்ந்து 55,350. இது சட்டப்படி சரிதான். பாலிசிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் எதிர்த்துக் கேட்க முடியாது.

ஜிஎஸ்டி என்றதும் ஒரு விஷயம். ஐசியு அல்லாத அறைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை போனால் 5% ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல் அமலில் இருக்கிறது. 5,000 வரை வரி இல்லை. மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிற எனக்கே படுக்கைக்கு வரி என்பது அந்த பில்லைப் பார்த்துத்தான் உறைத்தது. நாலு நாளுக்கு 1,200.

அடுத்து, கையுறை, மாஸ்க், டயப்பர் வகையறா 6,240-ம், பதிவு, ஆவணம், மருத்துவக் கழிவு, சாப்பாடு என்று 3,200-ம் முழுசாகக் கழித்துவிட்டார்கள். கொடுக்க வேண்டியதில்லை என்று 68 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியல் பாலிசிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. பரிசோதனைக் கையுறை, மாஸ்க், டயப்பர் எல்லாம் அதில் வருகிறது. இப்போது கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தச் செலவையும் தருகிற இணைப்பு பல கம்பெனிகளில் கிடைக்கிறது. இந்த மாதிரி சின்னச் சின்னப் பொருட்களில்தான் லாபம் அதிகம் என்பது ஊகம் இல்லை. 2018-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நாலு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது சில பொருட்களில் 1,737% வரை லாபம் இருந்ததாகச் சொன்னது. பெரும்பாலும் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் வாங்கவில்லை. அச்சிட்ட எம்ஆர்பியே அப்படி.

இவ்வளவையும் கூட்டினால் 64,790 தான் வருகிறது. நாங்கள் கட்டியது 89,705. நடுவில் 24,915 எங்கே? ஞாயிற்றுக்கிழமை முழுக்க பாலிசிப் புத்தகமும் செட்டில்மென்ட் கடிதமுமாக உட்கார்ந்தேன். கண்டுபிடித்தபோது சாயங்காலம் நாலு மணி. லேப், ஸ்கேன் 17,650-ல் பாதியைக் கழித்திருக்கிறார்கள். மருந்து 32,180-லும் பாதியைக் கழித்திருக்கிறார்கள். அப்படிக் கழிக்கக் கூடாது! டீலக்ஸ் ரூமில் படுத்தாலும் பொது வார்டில் படுத்தாலும் மாத்திரைக்கு ஒரே எம்ஆர்பிதானே. அதனால்தான் மருந்து, பயன்பாட்டுப் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் இவற்றில் விகிதாசாரப் பிடித்தம் செய்யக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. ரூமுக்கு ரூம் ரேட் மாறாத ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்தப் பிடித்தமே கூடாது. அம்மாவின் பாலிசியிலேயே, இணைந்த மருத்துவச் செலவுகள் என்பதற்கு விளக்கம் கொடுக்கும் இடத்தில், சின்ன எழுத்தில் இது இருந்தது. அந்தப் பக்கத்தைக் காதைப் போல மடித்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நீளமாக எழுதவில்லை. கோபத்தையும் எழுதவில்லை. லேப் இவ்வளவு, கழித்தது இவ்வளவு. மருந்து இவ்வளவு, கழித்தது இவ்வளவு. பாலிசியின் இன்ன பக்கம் இன்ன விதி. திருப்பித் தர வேண்டியது 24,915. இறுதி பில், மருந்து விவரம், செட்டில்மென்ட் கடிதம் மூன்றையும் இணைத்தேன். அதையே ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதிந்து எண் வாங்கிவைத்தேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அந்த அளவுக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் "மறுபரிசீலனை செய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. பத்தொன்பதாம் நாள் அம்மா கணக்கில் 24,915 ஏறியது. தப்பு எப்படி நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. பணம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பணம் கேட்டு அல்ல. அட்மிஷன் கவுண்டரில், தமிழில், ஒரே ஒரு வரி எழுதி ஒட்டுங்கள் என்று: "உங்கள் பாலிசியின் அறை வாடகை வரம்பைத் தாண்டினால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர், தியேட்டர் கட்டணங்களிலும் பிடித்தம் வரும்." மேனேஜர் போனில் மரியாதையாகப் பேசினார். டீலக்ஸில் சேர்ந்த மறுநாள் காலையிலேயே இரண்டாவது மாடியில் ஒரு ஷேரிங் படுக்கை காலியானது என்றும், கேட்டிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மாற்றியிருப்போம் என்றும் சொன்னார். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? காலியானது அவர்களுக்குத் தெரியும், எங்கள் வரம்பும் அவர்களுக்குத் தெரியும். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

போன மாதம் மறுபடி ஒருமுறை போய் வந்தேன். கவுண்டரில் அப்படி எதுவும் ஒட்டவில்லை.

மில்லில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இப்போது என்னிடம் வந்து பாலிசியைக் காட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அறை வாடகை வரிதான். தொகையை அட்டையின் பின்னால் மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ராத்திரி ஒன்றரை மணிக்கும் கண்ணில் படுகிற மாதிரி. வரம்புக்குள் ரூம் இல்லை என்றால், காலியானதும் மாற்ற வேண்டும் என்று அட்மிஷன் தாளிலேயே கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். மருந்து விவரத்தைக் கடைசி நாளுக்கு முந்தின நாளே வாங்கிவிட வேண்டும், டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கேட்டால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நாமே விட்டுவிடுவோம். கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வார்டு சிஸ்டரிடம் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். அவர்கள் நம் பக்கத்து மனுஷர்கள்தான். ஆஸ்பத்திரி பில்லிலேயே தப்பு இருந்து, திருத்த மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கேயும் கட்டணம் இல்லை. லோடுமேன் ஒருவர் வீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள். தகுதி இருந்தும் முதல்வர் காப்பீட்டு அட்டை எடுக்கவே இல்லை. கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தோம்.

அம்மாவின் பாலிசி தை மாதம் புதுப்பிக்க வருகிறது. அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசிக்கு மாற்ற விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பிரீமியம் கூடத்தான். 55,350-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவீர்களா என்று கேட்டால், போவேன். பெரியம்மாவுக்கும் அதே பித்தப்பைக் கல். அடுத்த புதன்கிழமை தேதி வாங்கியிருக்கிறோம், அதே டாக்டரிடம். நேற்று போன் செய்து ஷேரிங் ரூமில் அவர் பெயரை எழுதி வைக்கச் சொன்னேன். எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அது வந்த பிறகுதான் போனை வைத்தேன்.